அத்தியாயம் 6: தாய்க் கெளுத்தியின் தீவனத்தில் புரதம்

ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். முந்தின நாள் மாலை ஊசி போட்ட பெண் கெளுத்தியை ஈரத்துணியில் சுற்றிப் பிடித்து, வயிற்றைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக மெல்ல நீவுகிறீர்கள். நல்ல மீனாக இருந்தால் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரே அளவில், பழுப்பு மணிகளாகத் தட்டில் சரசரவென்று விழும். ஆனால் பல பண்ணைகளில் நடப்பது வேறு. மீன் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறது, வயிறும் உப்பியிருக்கிறது. நீவினால் முட்டை சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வந்ததிலும் பாதி, தண்ணீரில் போட்ட சில மணி நேரத்தில் வெளுத்துப் போகிறது.

உடனே ஊசி மருந்தின் மேல் பழி விழும். அல்லது தண்ணீரின் மேல். அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் பிழை மாசி மாதத்திலேயே, தீவன மூட்டையில் தொடங்கிவிடுகிறது. ஆடியில் கைக்கு வரும் முட்டை, மாசி முதல் அந்த மீன் தின்ற தீவனத்தால் ஆனது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் வருகிறது. தாய்மீனுக்குப் போடும் புரதத்தின் பலனைத் தராசில் மட்டும் பார்க்காதீர்கள், முட்டைத் தட்டிலும் குஞ்சுத் தொட்டியிலும் பாருங்கள்.

ஆண், பெண் இரண்டையும் சேர்த்தே இந்நூலில் தாய்மீன் என்கிறோம். இங்கே பேசுவது நம் நாட்டுக் கெளுத்தியைப் பற்றி. வடக்கே மாகுர் என்பார்கள். பீகார் மாநிலத்தின் மாநில மீன் இதுதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழியும் நிலையிலுள்ள இனங்களில் ஒன்று. வயல், வாய்க்கால், சதுப்பு எனத் தானாகப் பெருகி வந்த மீன், இன்று பொரிப்பகத்தை நம்பி நிற்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. ஆறே மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டும் என்று ஆசை காட்டி யாராவது குஞ்சு விற்றால் அது நாட்டுக் கெளுத்தி அல்ல. நம் மீன் ஓராண்டில் 100 முதல் 200 கிராம் வந்தாலே நல்ல வளர்ச்சி, அந்த வயதிலேயே சினைக்கும் தயாராகிவிடும்.

தின்ற புரதம் எங்கே போகிறது?

வீட்டு வரவு செலவு போல எண்ணிக்கொள்ளுங்கள். மீனுக்கு வரும் புரதம் ஒரு வரிசையில் செலவாகிறது.

முதல் செலவு, உடலைக் காப்பது. தேய்ந்த திசுவைப் புதுப்பிக்க, செரிமான நொதிகளைச் சுரக்க, தோலின் மேல் வழவழப்பான சளியைத் தொடர்ந்து உண்டாக்க. கெளுத்திக்குச் செதில் கிடையாது. அந்தச் சளிதான் அதன் முதல் கவசம்.

இரண்டாவது, சதை வளர்ச்சி. நாம் தராசில் காண்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவது, சினை. பெண்மீனின் கல்லீரல் மஞ்சள்கரு முன்புரதம் ஒன்றை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. சினைப்பையில் வளரும் ஒவ்வொரு முட்டையும் அதை உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பொரித்து வரும் குஞ்சுக்கு வாய் திறந்து இரை தேடத் தெரியும் வரை, முதல் மூன்று நாள் சோறு அந்த மஞ்சள்கருதான். தாய் சேர்த்துக் கொடுக்காததைக் குஞ்சால் வேறெங்கும் வாங்க முடியாது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். வரவு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது கடைசியில் நிற்கும் சினை. புரதம் குறைந்த தீவனம் தின்ற மீன் சாகாது. நீந்தும், மெல்ல வளரவும் செய்யும். முட்டை மட்டும் எண்ணிக்கையில் குறையும், அல்லது அளவில் சிறுக்கும், அல்லது நாள் தள்ளி முதிரும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது.

வரவு தேவைக்கு மேல் போனாலும் நன்மை இல்லை. உடலால் புரதத்தைத் தானியம் போலக் கட்டி வைக்க முடியாது. மிஞ்சியதை உடைத்து, சக்தியாக எரிக்கும் அல்லது கொழுப்பாக மாற்றும். உடைக்கும்போது பிரியும் நைட்ரஜன் அம்மோனியாவாகிச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கும். மீன்தூளுக்குக் கொடுத்த காசு, தொட்டி நீரைக் கெடுக்கும் நஞ்சாகத் திரும்பி வருகிறது.

எத்தனை சதவீதம்?

புரதத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் அளவு வரை வளர்ச்சியும் கூடவே ஏறும். பிறகு சமநிலமாக ஓடும். அதையும் தாண்டினால் மெல்ல இறங்கும். வேண்டாத புரதத்தை உடைத்து வெளியேற்றவும் மீனுக்குச் சக்தி செலவாகிறது என்பதே அந்த இறக்கத்துக்குக் காரணம். ஏற்றம் முடிந்து சமநிலம் தொடங்கும் இடம்தான் நமக்கு வேண்டிய இடம்.

அந்த இடம் மீனின் வயதுக்கேற்ப நகரும். குஞ்சுப் பருவத்தில் உடல் நாளுக்கு நாள் பெருகுவதால் தேவை மிக அதிகம். வளர வளரக் குறையும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பெருமளவில் வளர்க்கப்படும் கால்வாய்க் கெளுத்திக்கு, குஞ்சுத் தீவனத்தில் 45 முதல் 50 சதவீதம் வரை புரதம் வைக்கிறார்கள். விற்பனைக்கு வளர்க்கும் மீனுக்கு 28 முதல் 32 சதவீதமே போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். தாய்மீனுக்கு வரும்போது அளவு மறுபடி சற்று ஏறுகிறது. சினைக்காகத்தான் இந்த ஏற்றம்.

நாட்டுக் கெளுத்தி இயற்கையில் புழு, பூச்சி, நத்தை, சிறு இறால் என்று புலால் பக்கம் சாய்ந்த மீன். அதனால் தாய்மீன் தீவனத்துக்கு நான் சொல்லும் நடைமுறை அளவு இது:

- 25 சதவீதத்துக்குக் கீழே: தவிடும் பிண்ணாக்கும் மட்டும் போடும் பண்ணைகள் இங்கேதான் நிற்கின்றன. மீன் உயிர் வாழும், சினை ஏமாற்றும்.
- 28 முதல் 30 வரை: முட்டையிட்டு முடித்த ஓய்வுக் காலத்துக்குப் போதும்.
- 35 முதல் 38 வரை: சினை பிடிக்கத் தொடங்கும் நாள் முதல் ஊசி போடும் வாரம் வரை இதுவே இலக்கு.
- 40க்கு மேல்: கூடுதல் பலனை விடக் கூடுதல் செலவும் அழுக்கு நீருமே மிஞ்சும்.

கணக்குக்கு எளிதாக, இந்த அத்தியாயத்தில் 36 சதவீதத்தை இலக்காக வைத்துக்கொள்வோம்.

மூட்டையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாமா?

ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். அதற்குப் பெயர் கச்சாப் புரதம். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. 100 கிலோ மீன்தூளில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால், கச்சாப் புரதம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடியதாகக் காட்டும். மீனுக்கு அதில் ஒரு துளிப் புரதமும் கிடையாது. மீன்தூள் வாங்கும்போது புரத அளவோடு யூரியா, மணல், உப்பு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பெரிய அளவில் வாங்குவதற்கு முன் ஒரு மாதிரியை அனுப்பிச் சோதிப்பது, ஒரு பருவத்து முட்டையை இழப்பதை விட மலிவு.

உண்மையான புரதமாகவே இருந்தாலும் எல்லாப் புரதமும் ஒன்றல்ல. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றில் பத்தை மீன் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீவனத்தில்தான் கிடைத்தாக வேண்டும். அந்தப் பத்தில் எது ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் அந்த அளவுக்கே பயன்படும். மிஞ்சியவை வீண். ஒரு சக்கரம் பழுதான வண்டியில் மற்ற மூன்று சக்கரங்கள் புதிதாக இருந்து என்ன பயன்?

நம் தீவனங்களில் பெரும்பாலும் குறைவது லைசின் என்ற அமினோ அமிலம். கால்வாய்க் கெளுத்தியில் செய்த ஆய்வுகளின்படி, தின்னும் புரதத்தில் 5.1 சதவீதம் லைசினாக இருக்க வேண்டும். நம் கெளுத்திக்கும் இதை வழிகாட்டியாகக் கொள்ளலாம். கடலைப் பிண்ணாக்குப் புரதத்தில் லைசின் ஏறத்தாழ மூன்றரை சதவீதம்தான். சோயாவில் 6ஐத் தாண்டும். நல்ல மீன்தூளில் 7ஐத் தாண்டும். வெறும் கடலைப் பிண்ணாக்கைக் கொண்டே 36 சதவீதப் புரதத்தைக் கணக்கில் காட்டிவிடலாம். ஆனால் மீனின் வயிற்றில் அது 36 ஆக வேலை செய்யாது. ஒரே பொருளைக் கொட்டாமல் மீன்தூள், கடலை, சோயா மூன்றையும் கலக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

புரதத்துக்குத் துணையாகச் சக்தி

தீவனத்தில் மாவுப்பொருளும் எண்ணெயும் போதாவிட்டால், மீன் நீந்தவும் மூச்சுவிடவும் புரதத்தையே எரிக்கும். சந்தனக் கட்டையை அடுப்பில் வைப்பது போன்ற விரயம் அது. மறுபக்கம், மாவும் எண்ணெயும் மிகுந்தால் மீனுக்குச் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். தேவையான புரதம் உள்ளே போவதற்கு முன்பே தின்பதை நிறுத்திவிடும். மிஞ்சிய சக்தி வயிற்றுக்குள் கொழுப்பாகப் படியும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன கொழுகொழு மீன் பெரும்பாலும் இப்படி ஆனதுதான். சினைப்பை விரிய வேண்டிய இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது.

தீவனத்தின் மொத்தக் கொழுப்பு 7 முதல் 9 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதில் ஒரு பகுதி மீன் எண்ணெயாக இருந்தால் முட்டையின் தரத்துக்கு நல்லது. எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் தாய்மீனுக்குப் போடவே கூடாது. கெட்ட எண்ணெய், முட்டைக்குத் தேவையான வைட்டமின் ஈயை அழித்துவிடும்.

கலவைக் கணக்கு: நீங்களே போடலாம்

கையில் இரண்டு குவியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

புரதக் குவியல்: 55 சதவீதப் புரதமுள்ள மீன்தூளும் 41 சதவீதப் புரதமுள்ள கடலைப் பிண்ணாக்கும் சம பங்கு. சராசரி 48.

சக்திக் குவியல்: 14 சதவீதப் புரதமுள்ள, எண்ணெய் நீக்கிய தவிடு இரண்டு பங்கு, 2 சதவீதப் புரதமுள்ள மரவள்ளி மாவு ஒரு பங்கு. சராசரி 10.

100 கிலோ தீவனத்தில் மீன் எண்ணெய் 3 கிலோ, தாது உப்பு வைட்டமின் கலவை 2 கிலோ. இந்த 5 கிலோவில் புரதம் இல்லை. எனவே மீதி 95 கிலோவுக்குள்ளேயே 36 கிலோ புரதம் அடங்க வேண்டும். அதாவது அந்த 95 கிலோவின் புரதம் ஏறக்குறைய 38 சதவீதம்.

இப்போது ஒரு சதுரம் வரையுங்கள். நடுவில் 38. இடது மேல் மூலையில் 48, இடது கீழ் மூலையில் 10. குறுக்கே கழியுங்கள். 48இலிருந்து 38 போக 10. இது கீழ் வலது மூலைக்கு, அதாவது சக்திக் குவியலின் பங்கு. 38இலிருந்து 10 போக 28. இது மேல் வலது மூலைக்கு, அதாவது புரதக் குவியலின் பங்கு. ஆக 28 பங்கு புரதக் குவியலுக்கு 10 பங்கு சக்திக் குவியல். 95 கிலோவை இந்த விகிதத்தில் பிரித்தால் 70 கிலோவும் 25 கிலோவும். சரிபார்க்கலாம்: 70 கிலோவில் 33.6 கிலோ புரதம், 25 கிலோவில் 2.5 கிலோ. கூட்டினால் 36.1.

சதுரம் 70, 25 என்று எல்லை போட்டுக் கொடுத்துவிட்டது. அந்த 70க்குள் மீன்தூளைக் கொஞ்சம் குறைத்துச் சோயாவைச் சேர்த்தால் செலவு குறையும், லைசினும் கெடாது. நான் பரிந்துரைக்கும் கலவை இது (100 கிலோவுக்கு):

- மீன்தூள் (55 சதவீதம்): 25 கிலோ, அதில் புரதம் 13.75 கிலோ
- கடலைப் பிண்ணாக்கு (41 சதவீதம்): 25 கிலோ, புரதம் 10.25 கிலோ
- வறுத்த அல்லது ஆவியில் வெந்த சோயாப் பிண்ணாக்கு (45 சதவீதம்): 20 கிலோ, புரதம் 9 கிலோ
- எண்ணெய் நீக்கிய தவிடு (14 சதவீதம்): 17 கிலோ, புரதம் 2.4 கிலோ
- மரவள்ளி மாவு (2 சதவீதம்): 8 கிலோ, புரதம் 0.2 கிலோ
- மீன் எண்ணெய்: 3 கிலோ
- தாது உப்பு வைட்டமின் கலவை: 2 கிலோ

மொத்தப் புரதம் சற்றேறக்குறைய 35.5 கிலோ. நம் இலக்குக்கு மிக அருகில் இருக்கிறது. இதிலுள்ள லைசினையும் கூட்டிப் பார்த்தால் 5.1 என்ற தேவையைத் தாண்டிவிடும்.

அடைப்புக்குள் இருக்கும் சதவீதங்கள் பொதுவானவை. நீங்கள் வாங்கும் பொருளின் சோதனை எண் கையில் வந்ததும், அந்த எண்ணை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். பட்டு நூற்கும் ஆலைகள் அருகிலிருந்தால், எண்ணெய் நீக்கிய கூட்டுப்புழுத் தூளால் மீன்தூளில் ஒரு பகுதியை மாற்றலாம். புரதத்தில் அது மீன்தூளுக்கு இளைத்ததல்ல.

தயாரிக்கும் முறை

பிண்ணாக்கு, மீன்தூள் எல்லாவற்றையும் நன்றாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். துகள் பெரிதாக இருந்தால் செரிமானம் குறையும். எண்ணெயும் வைட்டமின் கலவையும் தவிர மற்றவற்றைத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, ஆவியில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். மரவள்ளி மாவு வெந்து பசையாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். சோயாவில் மிச்சமிருக்கும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இந்தச் சூட்டில் அடங்கும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே எண்ணெயையும் வைட்டமினையும் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் வைட்டமின் பாழாகும்.

பிறகு இடியாப்பம் பிழிவது போல, 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளையுள்ள அச்சில் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்ததற்கு அதுவே அடையாளம். கெளுத்தி அடிநீரில் மேயும் மீன் என்பதால் மூழ்கும் குச்சித் தீவனம் அதற்குப் பொருந்தும். தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரே தடவையில் ஒரு பருவத்துக்கும் செய்து வைக்காதீர்கள்.

காலம் பார்த்துப் போடுங்கள்

நாட்டுக் கெளுத்தி தென்மேற்குப் பருவமழையோடு, பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இனம் பெருக்கும். உங்கள் ஊரில் மழையின் போக்கு வேறாக இருந்தால், உங்கள் மீன் எப்போது சினை முதிர்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி நான்கு மாதம் எண்ணிக்கொள்ளுங்கள்.

- புரட்டாசி முதல் தை வரை: ஓய்வு. 28 முதல் 30 சதவீதப் புரதம், உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் தீவனம். முட்டையிட்ட களைப்பு தீர வேண்டும், கொழுப்பு ஏறக் கூடாது.
- மாசி முதல் சித்திரை வரை: சினை பிடிக்கும் காலம். 36 சதவீதத் தீவனத்துக்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். உடல் எடையில் 3 சதவீதம் போடலாம். ஆண்டின் மிக முக்கியமான மூன்று மாதம் இது. செலவைக் குறைக்க நினைத்தால் வேறு எந்த மாதத்திலாவது குறையுங்கள், இங்கே வேண்டாம்.
- வைகாசி, ஆனி: சினை முதிரும் காலம். அதே தீவனம், அளவு 2 முதல் 2.5 சதவீதம். வயிறு நிறையச் சினை இருக்கும்போது மீனே குறைவாகத் தின்னும், வற்புறுத்தாதீர்கள்.
- ஊசி போடுவதற்கு முந்தின நாள்: தீவனம் நிறுத்தம். முட்டை எடுக்கும்போது கழிவு கலக்காமல் இருக்க இது அவசியம்.

கெளுத்தி இருட்டில் இரை தேடும் மீன். நாளுக்குரிய தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும், இரண்டு பங்கைப் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். தட்டில் வைத்து இறக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மீதம் இருந்தால் மறுநாள் குறையுங்கள்.

ஆண்மீனை மறந்துவிடாதீர்கள். கெளுத்தியில் ஆணின் விந்தைப் பிதுக்கி எடுக்க முடியாது. விந்துப்பையை அறுத்தே எடுக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு ஆணும் ஒரு முறைதான் பயன்படும். பெண்ணுக்குக் கொடுக்கும் அதே தீவனத்தை, அதே மாதங்களில் ஆணுக்கும் கொடுங்கள். ஓர் உயிரை எடுத்துச் செய்யும் வேலையில் விந்துப்பை சுருங்கிக் கிடந்தால், அது நம் தவறுதான்.

புரதம் ஏறினால் தண்ணீர் வேலையும் ஏறும்

ஒரு கணக்கைப் பாருங்கள். 150 கிராம் எடையுள்ள 40 தாய்மீன்கள், மொத்தம் 6 கிலோ. 3 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 180 கிராம் தீவனம். அதில் ஏறக்குறைய 65 கிராம் புரதம், அந்தப் புரதத்தில் சுமார் 10 கிராம் நைட்ரஜன். இதில் நான்கில் மூன்று பங்கு உடலில் தங்காமல் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் ஏழெட்டு கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் சேர்கிறது. 5,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். நாள்தோறும் அதே அளவு.

கெளுத்தி நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் திறமை ஆக்சிஜன் குறைவிலிருந்துதான் அதைக் காக்கும், அம்மோனியாவிலிருந்து அல்ல. நீரின் காரத்தன்மை ஏறிய பகல் வேளையில் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். சிமெண்ட் தொட்டியானால் நாளுக்குக் கால் பங்கு நீரை அடியிலிருந்து வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். வசதியிருந்தால் தாய்மீனை மண்குளத்தில் வையுங்கள். மண்ணிலும் பாசியிலும் இந்தச் சுமையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

தாய்மீன் தொட்டிக்குள் போகக் கூடாதவை

- பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு: புரதம் உண்டு. ஆனால் அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும்.
- ஆமணக்கு, இலுப்பைப் பிண்ணாக்கு: இரண்டும் நஞ்சு. இலுப்பைப் பிண்ணாக்கைக் குளத்து மீனைக் கொல்லவே பயன்படுத்துகிறோம்.
- பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு: பூஞ்சை நஞ்சு நேரே கல்லீரலைத் தாக்கும். முட்டைக்கான மஞ்சள்கருப் புரதம் உண்டாவதே அங்கேதான். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது.
- பச்சைக் கழிவு மீன்: சில வகைகளில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்த பிறகே போடுங்கள்.
- கோழிக்கடைக் கழிவு: மலிவான புரதமாகத் தெரியும். கிருமியையும் கொழுப்பையும் துர்நாற்றத்தையும் சேர்த்தே கொண்டுவரும். வேண்டவே வேண்டாம்.

பலனை எங்கே அளப்பது?

மாதம் ஒரு முறை பத்து மீனை எடுத்து எடை போடுங்கள். பக்கத் துடுப்பு முள் குத்தும், ஈரத்துணி இல்லாமல் கையில் எடுக்காதீர்கள். எடை ஏறுவது நல்ல செய்திதான். ஆனால் அந்த எடைக்குள் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சினை எவ்வளவு என்று தராசு சொல்லாது. அதனால் முட்டை எடுக்கும் நாளில் இன்னும் நான்கு அளவு எடுத்தாக வேண்டும்.

முதலாவது, முட்டை எடுப்பதற்கு முன்னும் பின்னும் பெண்மீனின் எடை. 180 கிராம் மீன் முட்டை கொடுத்த பிறகு 158 கிராம் என்றால், 22 கிராம் முட்டை. உடல் எடையில் 12 சதவீதம். ஒவ்வொரு மீனுக்கும் இந்தச் சதவீதத்தை எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரு கிராம் முட்டையில் எத்தனை முட்டை என்ற எண்ணிக்கை. பொறுமையாக எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் முட்டை சிறுத்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, பொரிப்பு. 100 முட்டையைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, 28 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கழித்து எத்தனை பொரித்தன என்று பாருங்கள்.

நான்காவது, பொரித்த குஞ்சில் மூன்று நாள் தாண்டி உயிரோடிருப்பவை எத்தனை. நான் மிகவும் மதிப்பது இந்த எண்ணைத்தான். அந்த மூன்று நாளும் குஞ்சு தின்றது நீங்கள் மாசியிலும் பங்குனியிலும் தாய்க்குப் போட்ட புரதத்தை.

எந்தத் தீவனம் உங்கள் பண்ணைக்குச் சரி என்று தீர்மானிக்க, தாய்மீன்களை எடை ஒத்த இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு தொட்டியில் விடுங்கள். தண்ணீர், எண்ணிக்கை, நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றுக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் தீவனம், மற்றதுக்கு மேலே சொன்ன கலவை. நான்கு மாதம் முடிந்து முட்டை எடுக்கும் நாளில் இந்த நான்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு தொட்டி மீனும் தராசில் ஒரே எடை காட்டலாம். அப்போது நான்காவது எண்ணைப் பாருங்கள். அதிக விலைத் தீவனம் உண்மையில் எவ்வளவு மலிவு என்று, உயிரோடிருக்கும் குஞ்சுக்கு என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மீன் எடை, போட்ட தீவனம், முட்டை எடை, கிராமுக்கு எத்தனை முட்டை, பொரித்தவை, பிழைத்தவை என்று ஏழு கட்டம் போடுங்கள். வரும் மாசிக்கு முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். முதல் கட்டத்தை நிரப்பும் நாளிலேயே ஆடி மாதத்துக் குஞ்சுக்கான வேலை தொடங்கிவிட்டது.